கதிர்வீச்சுக் கருவி வேலை செய்கிறதா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வழி



ஊக்குநர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தை ஒரே கூட்டத்தில் வாசித்து முடிக்க வேண்டாம். பாதி இந்த வாரம், மீதி அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாஷ் சோதனையை மட்டும் எல்லோர் முன்னாலும் செய்து காட்டுங்கள். கண்ணால் பார்த்தது மறக்காது.

நம் உறுப்பினர்களில் பலர் குப்பை தரம் பிரிக்கும் வேலையிலும், பழைய இரும்பு, தகரம், பிளாஸ்டிக் வாங்கி விற்கும் தொழிலிலும் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன கூட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு குழுவிலிருந்து வந்த அக்கா, கைப்பையிலிருந்து செல்போன் அளவில் ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்ததாம். "இரும்பு பிரிக்கற எடத்துல இதைப் பக்கத்துல வெச்சுக்கோம்மா" என்று சொல்லிக் கொடுத்தானாம். டப்பா அப்பப்போ டிக், டிக் என்றது. பிறகு சும்மா இருந்தது. மறுபடி டிக் என்றது.

அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பாடம்: "ஏனுங்க, இது நெசமாலுமே வேலை செய்யுதான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? தராசுன்னா ஒரு கிலோ படிக்கல்ல வெச்சுப் பாக்கலாம். இதுக்கு என்னத்தைங்க வெக்கறது?"

உடனே ஆளுக்கொரு யோசனை வந்தது. "ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுக்கறப்ப பக்கத்துல புடிச்சுப் பாருங்க." "பெட்ரோமாக்ஸ் மேண்டில்ல கதிர் இருக்குதாமா, அதைப் பொடிச்சு வெச்சுப் பாக்கலாமுங்க." "கன்னியாகுமரி பக்கம் கடற்கரை மண்ணு ஒரு பாக்கெட் கொண்டாந்தா ஆச்சு." ஒரு தங்கச்சி, "வாழைப்பழத்துலயே இருக்குதுன்னு படிச்சேனுங்க" என்றார். எல்லாமே காற்றில் வந்த பேச்சு இல்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதில் பாதி செய்யக் கூடாதது.

முதலில் இந்தக் கருவி நமக்கு எதற்கு என்று பார்த்துவிடுவோம்.

கோவையில் பம்பு, மோட்டார், இயந்திர பாகம் செய்ய ஃபவுண்டரிகள் நிறைய. கணபதி, பீளமேடு என்று சொன்னாலே உலைதான் ஞாபகம் வரும். உலைக்குப் போகிற இரும்பில் ஒரு பங்கு பழைய இரும்பு. அது ஆக்கர் கடைகளிலிருந்து வருகிறது. ஆக்கர் கடைக்கு நம்மைப் போன்றவர்கள் கையிலிருந்து போகிறது. ஆக, கண்ட கண்ட இரும்பை முதலில் தொடுகிற கை நம் கை.

அந்தக் கண்ட கண்ட இரும்பில் என்றைக்காவது வரக் கூடாத ஒன்று வந்துவிடலாம். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் பழைய இயந்திரங்களிலும், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகளிலும், ஆலைகளில் அளவு பார்க்கும் கருவிகளிலும் கதிர்வீச்சுப் பொருள் இருக்கும். கனமான ஈயக் கவசத்துக்குள் பத்திரமாக இருக்கும் வரை தொந்தரவு இல்லை. கணக்கில்லாமல் போய், பழைய இரும்போடு சேர்ந்து, ஈயத்துக்கு ஆசைப்பட்டு யாராவது உடைத்தால்தான் வினை.

2010ல் டெல்லியில் இது நடந்தது. பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பல வருஷம் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்றைப் பிப்ரவரி மாதம் பழைய பொருளாக ஏலம் விட்டார்கள். அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. தொழிலாளர்கள் பிரித்தார்கள். ஏப்ரல் மாதம் ஒவ்வொருவராக வாந்தி, தோல் கருகல், முடி உதிர்தல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு தொழிலாளி இறந்துபோனார். ஒரு வியாபாரி, பளபளவென்று இருந்த சின்னத் துண்டை மணிபர்சில் போட்டு பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே திரிந்தார். அவருக்குப் பின்பக்கம் புண்ணாகிப் போனது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2008ல், பிரான்ஸ் நாட்டில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொத்தானுக்கான எஃகு இந்தியாவில் உருக்கியது. பழைய இரும்போடு கலந்து உலைக்குப் போய், எஃகாகி, பொத்தானாகி, கடல் தாண்டியிருக்கிறது. ஏற்றுமதி வார்ப்பு செய்யும் ஊர்க்காரர்களான நாம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய துறைமுகங்களிலும் பெரிய எஃகு ஆலைகளிலும் லாரி நுழைகிற வாசலிலேயே கதிர் பார்க்கும் கருவி வைத்திருப்பார்கள். நம் தள்ளுவண்டிக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. அந்த அக்காவின் மகன் வாங்கிக் கொடுத்தது வேண்டாத செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

பிரேசில் நாட்டுக் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கருவியைச் சோதிப்பது எதற்கு என்று அதில்தான் எனக்குப் புரிந்தது.

1987 செப்டம்பர். கோயானியா என்ற ஊரில், காலி செய்துவிட்டுப் போன ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கதிர் சிகிச்சை இயந்திரம் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. இரண்டு பேர் அதன் தலைப்பகுதியைக் கழற்றி எடுத்துப்போய் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே சீசியம்-137 பொடி. இருட்டில் நீல நிறமாக மின்னியது. கடைக்காரர் ஆசைப்பட்டு வீட்டுக்குள் கொண்டுபோனார். சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அரிசி மணி அளவு, அரிசி மணி அளவு என்று கொடுத்தார். குழந்தைகள் மேலே பூசிக்கொண்டு விளையாடின.

வீட்டில் ஒவ்வொருவராகப் படுத்தபோது, "இந்தப் பொருள் வந்த பிறகுதான் இப்படி" என்று முதலில் சந்தேகப்பட்டவர் அந்தக் கடைக்காரரின் மனைவி. படித்த டாக்டர்களுக்குத் தோன்றாதது அந்த அம்மாவுக்குத் தோன்றியது. மிச்சத்தை ஒரு பையில் போட்டு, கடை ஆள் ஒருவர் துணையோடு, பஸ் ஏறி சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். சந்தேகப்பட்டது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பையில் எடுத்துப் போயிருக்கக் கூடாது. அப்போது அவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் ஒரு இயற்பியலாளரை அழைத்தார்கள். அவர் கனிமம் தேடும் அலுவலகத்திலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கி வந்தார். சுகாதார அலுவலகத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே கருவியைப் போட்டார். முள் கடைசிக்குப் போய் நின்றது. இந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசி, அந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசி. அவர் என்ன நினைத்தார் தெரியுமா? "கருவி ரிப்பேர்." திரும்பிப் போய் இன்னொரு கருவி வாங்கி வந்தார். அதுவும் அப்படியே காட்டியது. அப்புறம்தான் நம்பினார். அவர் வந்து சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் அந்தப் பொருளை எடுத்து ஆற்றில் போட இருந்தார்கள். நல்லவேளை, தடுத்துவிட்டார்.

நாலு பேர் இறந்தார்கள். பஸ்ஸில் எடுத்துப் போன அந்த அம்மா, அவர் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பி மகளான ஆறு வயதுப் பெண் குழந்தை, கடையில் வேலை செய்த இரண்டு இளைஞர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில் 249 பேர் மேல் அந்தப் பொருள் ஒட்டியிருந்தது.

படித்த இயற்பியலாளருக்கே "மிஷின் கெட்டுப்போச்சு போல" என்றுதான் முதலில் தோன்றியது. நமக்கும் அப்படித்தான் தோன்றும். கத்த வேண்டிய நாளில் கருவி கத்தினால், அதை நாம் நம்ப வேண்டும். அது நல்ல நிலையில் இருப்பதைப் போன வாரம்தான் பார்த்து நோட்டில் எழுதினோம் என்று கையில் கணக்கு இருந்தால் நம்புவோம். இல்லையென்றால் தட்டிப் பார்ப்போம், பேட்டரியைக் கழற்றி மாட்டுவோம், அதற்குள் அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்றிருப்போம்.

இப்போது சோதனைக்கு வருவோம்.

முதலில் டப்பா எதை அளக்கிறது என்று அட்டையில் பாருங்கள். "ரேடியேஷன் மீட்டர்" என்ற பெயரில் இரண்டு ஜாதிக் கருவி விற்கிறது. ஒன்று செல்போன், டவர், கரண்ட் வயர் இவற்றின் மின்காந்த அலையை அளப்பது. அது நம் வேலைக்கு உதவாது. கோபால்ட் துண்டு பக்கத்தில் இருந்தாலும் சும்மா இருக்கும். நமக்கு வேண்டியது கைகர் கவுன்டர். அதில் அளவு மைக்ரோ சீவர்ட் என்றோ, நிமிஷத்துக்கு இத்தனை எண்ணிக்கை என்றோ வரும். செல்போன் பக்கத்தில் கொண்டுபோனால் ஏறி இறங்குகிற கருவி என்றால் அது முதல் ஜாதி. (இந்த இடத்தில் ஒன்று. செல்போனில் ஒட்டினால் கதிரைத் தடுக்கும் என்று ஸ்டிக்கர் விற்க வருகிறார்கள். குழுப் பணத்தை அதில் போடாதீர்கள்.)

கைகர் கவுன்டர் என்றால், முதல் சோதனைக்கு ஒரு பொருளும் வேண்டாம். மர மேஜை மேல் வைத்துவிட்டு 10 நிமிஷம் சும்மா இருங்கள். டிக், டிக் வரும். மண்ணில், கல்லில், செங்கல்லில், வானத்தில், நம் உடம்பிலேயே கூட இயற்கையான கதிர்வீச்சு உண்டு. சாதாரணமாக மணிக்கு 0.1, 0.2 மைக்ரோ சீவர்ட் என்ற அளவில் காட்டும். கிரானைட் பதித்த தரையில் கொஞ்சம் கூடும். ஒன்றுமே காட்டாமல் பூஜ்யமாகவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்தக் கருவி செத்துப்போனது.

இந்த டிக் சீராக வராது. ஓட்டுக் கூரையில் மழை ஆரம்பிக்கும்போது சொட்டு விழுகிற மாதிரி, இரண்டு சேர்ந்து வரும், கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. அதனால் ஒரு நிமிஷக் கணக்கை நம்பக் கூடாது. உதாரணத்துக்கு, நிமிஷத்துக்கு 20 வருகிற இடத்தில் ஒரு நிமிஷம் 14 வரும், அடுத்த நிமிஷம் 27 வரும். இரண்டும் சரிதான். பத்து நிமிஷம் சேர்த்து எண்ணினால் 200க்கு ஒரு 15 முன்னே பின்னே இருக்கும். எவ்வளவு நேரம் எண்ணுகிறோமோ அவ்வளவு நம்பிக்கை. எடுத்ததும் இரண்டு நம்பரைப் பார்த்துவிட்டு "கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு" என்று பதறுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வெவ்வேறு நாளில் ஐந்தாறு தடவை எடுத்து, தேதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். சேமிப்புக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை. இதுதான் உங்கள் இடத்தின் அடிப்படைக் கணக்கு.

இரண்டாவது சோதனைக்குத்தான் பொட்டாஷ். அக்கா கேட்ட படிக்கல் இதுதான்.

தென்னைக்கும் வாழைக்கும் மஞ்சளுக்கும் போடுகிறோமே, செங்கல் பொடி நிறத்தில், மூரியேட் ஆஃப் பொட்டாஷ். கூட்டுறவு சங்கத்தில் கிடைக்கும். பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40 என்ற கதிர்வீச்சு வகை கலந்தே இருக்கும். யாரும் கலப்பது இல்லை, பூமி உண்டானபோதே வந்தது. அது பாதியாகக் குறையவே சுமார் 125 கோடி வருஷம் ஆகும். அதனால் இன்றைக்கும் அடுத்த வருஷமும் பொட்டாஷ் ஒரே அளவு கதிர்தான் தரும். படிக்கல் தேயாமல் இருப்பது போல.

ஒரு கிலோ பொட்டாஷில் ஏறக்குறைய பாதி பொட்டாசியம். கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 15,000 அணுக்கள் சிதைகின்றன. கேட்கப் பயமாக இருக்கும். நம் உடம்பிலும் பொட்டாசியம் உண்டு, அதில் விநாடிக்கு நாலாயிரத்துக்கும் மேல் சிதைந்துகொண்டேதான் இருக்கிறது. காலம் காலமாக மூட்டை தூக்கிப் போடுகிற உரம் இது. பத்து நிமிஷம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஆபத்து இல்லை.

செய்முறை இதுதான். காய்ந்த பொட்டாஷ் ஒரு கிலோ, மெல்லிய பாலிதீன் கவரில் போட்டு வாயை இறுக்கமாகக் கட்டுங்கள். பரப்பித் தட்டையாக்குங்கள். கருவியில் உணரும் பக்கம் எது என்று அட்டையில் போட்டிருக்கும், பெரும்பாலும் முதுகுப் பக்கம். அந்தப் பக்கம் கவர் மேல் படும்படி வையுங்கள். பொடி கருவிக்குள் போய்விடக் கூடாது, கவனம். பத்து நிமிஷம் எண்ணுங்கள். வெறும் மேஜையில் 200 வந்தது என்றால் இப்போது 300 வரலாம், சில கருவியில் 400 கூட வரலாம். கருவியின் குழாய் எப்படிப்பட்டது, உறை எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது அது. எவ்வளவு ஏறியது என்பது உங்கள் கருவியின் சொந்தக் கணக்கு. அடுத்த மாதம் அதே கவர், அதே மேஜை, அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்ப்பதுதான் விஷயம்.

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். கவருக்கும் கருவிக்கும் நடுவே தடியான கணக்கு நோட்டு ஒன்றை வைத்து மறுபடி 10 நிமிஷம். எண்ணிக்கை நன்றாக இறங்கும். பொட்டாஷிலிருந்து வருவதில் பெரும்பங்கு பீட்டா கதிர். அது காகிதக் கட்டைத் தாண்டாது. மிச்சம் கொஞ்சம் காமா கதிர், அது தாண்டும். ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினால் கருவிக்கு உயிர் இருக்கிறது. உறை தடிமனாக இருந்து ஒரு கிலோவுக்கு ஒன்றும் ஏறவில்லை என்றால், உரக் குடோனில் மூட்டை அடுக்கின் மேல் வைத்துப் பாருங்கள். அங்கே காமா கதிரே போதும், எண்ணிக்கை ஏறும்.

பொட்டாஷ் கிடைக்காத டவுன்காரர்களுக்கு, சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறதே, அதிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சில வகையில் கொஞ்சம்தான் இருக்கும், அட்டையில் பார்த்து வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் வீட்டில் அந்த உப்பைச் சமையலுக்கு எடுத்துவிடாமல் தனியாக வையுங்கள். அவர்களுக்கு அது கெடுதல்.

வாழைப்பழம் சொன்ன தங்கச்சிக்கு: பொட்டாசியம் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு பழத்தில் விநாடிக்குப் பத்துப் பதினைந்து சிதைவுதான். ஒரு தாரையே கொண்டுவந்து வைத்தாலும் நம் டப்பாவுக்குத் தெரியாது. உரித்துச் சாப்பிடலாம்.

மூன்றாவது, குழந்தைகள் கூடவே செய்யக்கூடிய பலூன் சோதனை. மண்ணிலும் கல்லிலும் இருந்து ரேடான் என்ற வாயு மெதுவாக வந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து பிறக்கும் துகள்கள் காற்றுத் தூசியில் ஒட்டும். தரை மட்டத்து அறை ஒன்றை ராத்திரி முழுக்கச் சாத்தி வையுங்கள். காலையில் பலூனை ஊதி, காய்ந்த தலைமுடியிலோ கம்பளியிலோ நன்றாகத் தேய்த்து, சுவரில் படாமல் நூலில் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் அறையை மூடுங்கள். பிறகு காற்றை இறக்கி, சுருங்கிய பலூனைக் கருவியோடு ஒட்டி வைத்து எண்ணுங்கள். சாதாரணக் கணக்கை விடக் கூடுதலாக வரும். அழகு என்னவென்றால், அரை மணி, முக்கால் மணியில் அந்தக் கூடுதல் பாதியாகிவிடும், மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். மாசி, பங்குனி வறண்ட காற்றில்தான் பலூனில் மின்னேற்றம் நிற்கும். மழைக்காலத்தில் சரிவராது. காற்றோட்டமான வீட்டிலும் பெரிதாகத் தெரியாது. தெரியாவிட்டால் கருவி மேல் குறை சொல்லாதீர்கள், உங்கள் வீட்டுக் காற்று நல்ல காற்று.

ஊட்டிக்குப் போகிறவர்கள் கருவியையும் எடுத்துப் போங்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போக வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிரைத் தடுக்கிற காற்றுப் போர்வை மெலிகிறது. அதனால் எண்ணிக்கை ஏறும். இதைப் பெரிய அளவில் ஆராயத்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடமே வைத்திருக்கிறது. ஒரு விஷயம், நீலகிரியில் ஏறுவது முழுக்க வானத்துக் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரதியார் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் கூடலூர்ப் பக்கத்து மண்ணை எடுத்துச் சோதித்ததில் தோரியம் உலக சராசரியை விடக் கூடுதலாக இருந்தது. மண்ணும் கொஞ்சம் சேர்ந்துதான் காட்டும்.

இதெல்லாம் கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. அது காட்டும் மைக்ரோ சீவர்ட் சரியான அளவுதானா என்பது வேறு. தராசுக்கு முத்திரை போட அதிகாரி வருகிற மாதிரி, இதற்குக் கல்பாக்கம் போன்ற இடங்களில் அளவீட்டுக் கூடங்கள் உண்டு. எச்சரிக்கைக்கு வைத்துக்கொள்கிற நமக்கு அவ்வளவு தேவையில்லை.

இனி, செய்யக் கூடாதவை.

எக்ஸ்ரே அறை வேண்டாம். கருவிக்காக நாம் ஏன் வீணாகக் கதிர் வாங்க வேண்டும்? அதுவும் போக, எக்ஸ்ரே கண் சிமிட்டுகிற நேரத்தில் வந்து போய்விடும், சின்னக் கருவி அதைச் சரியாக எண்ணாது.

மேண்டிலைப் பொடிக்கவே கூடாது. பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் தோரியம் இருப்பது உண்மை. தூசி மூக்கில் போனால் உள்ளேயே தங்கிவிடும். வெளியே இருந்து வருகிற கதிர் ஒரு கணக்கு, உள்ளே போய்த் தங்குவது வேறு கணக்கு. கடற்கரை மணலும் இதே தோரியக் கதைதான். 1909ல் ஜெர்மனிக்காரர் ஒருவர், நம் பக்கத்திலிருந்து கப்பலில் போன தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் தாதுவைக் கண்டுபிடித்தார். மேண்டில் செய்ய அந்தத் தோரியம் வேண்டும் என்றுதான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலையே வந்தது. பொள்ளாச்சியில் கயிறு திரிக்கும் குழுவினருக்கு இந்தச் சேதி பிடிக்கும். ஆனால் அந்த மணலை அள்ளி வருவது சட்டப்படியும் தப்பு, வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமானும் இல்லை.

இருட்டில் மின்னுகிற பழைய ரேடியம் கடிகாரத்தைத் திறக்காதீர்கள். தீ எச்சரிக்கைக் கருவியில் சில வகையில் அமெரிசியம் இருக்கும், அதையும் பிரிக்காதீர்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, குப்பையில் சந்தேகமாகக் கிடக்கும் பொருளைத் தேடிப் போவது எல்லாவற்றையும் விட மோசம்.

கருவி சும்மா இருந்தால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கூடாது. ஈயத்துக்குள் மூடிய பொருளுக்குக் கருவி சும்மாதான் இருக்கும், நாம் உடைத்த பிறகுதான் கத்தும். இன்னொன்று, கதிர் மிக மிக அதிகமான இடத்தில் சில சாதாரணக் கைகர் கருவிகள் திணறி, எண்ண முடியாமல் பூஜ்யம் காட்டிவிடும். கத்திக்கொண்டு வந்த கருவி கிட்டே போனதும் திடீரென்று அடங்கினால், ஓட வேண்டிய நேரம் அது.

கருவி இல்லாதவர்கள் கண்ணை நம்பலாம். மஞ்சள் பட்டையில் மூன்று இறக்கை ஃபேன் மாதிரிக் குறி, அளவுக்கு மீறிய கனத்தில் சின்ன உருளை, ஈயக் குடுவை, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கை வைக்காதீர்கள். 2007ல் இன்னொரு குறியும் கொண்டுவந்தார்கள். சிவப்பு முக்கோணத்தில் கதிர் அலை, மண்டை ஓடு, ஓடுகிற மனிதன். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று போட்டது.

அப்படி ஒன்று கிடைத்தால், அல்லது நோட்டில் எழுதிய கணக்கை விடக் கருவி பல மடங்கு காட்டினால், எடுக்காதீர்கள், பையில் போடாதீர்கள், மூடி வைக்கக் கூடக் கிட்டே போகாதீர்கள். பின்வாங்குங்கள். ஒரு மீட்டரில் நின்றவர் மூன்று மீட்டருக்குப் போனால் கதிர் ஒன்பதில் ஒரு பங்காகும், பத்து மீட்டருக்குப் போனால் நூறில் ஒரு பங்கு. குழந்தைகளை முதலில் கூட்டிப் போங்கள். 112க்குப் போன் போட்டு "கதிர்வீச்சுப் பொருள் மாதிரி இருக்குதுங்க" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே தகவல் கொடுங்கள். வெறும் "குப்பைல என்னமோ இருக்குது" என்றால் யாரும் கருவியோடு வரமாட்டார்கள். இதற்கென்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மும்பையில் இருக்கிறது, அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. ஏற்கெனவே தொட்டுவிட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுத்திய துணியை மாற்றித் தனிக் கவரில் கட்டி வைத்துவிட்டு, கழுவும் வரை வாயில் எதையும் போடாமல் இருக்க வேண்டும். வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் "பழைய இரும்பு பிரிக்கிறோம், இன்ன நாளில் இப்படி ஒரு பொருள் தொட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமல் அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு பெரியம்மா கேட்ட கேள்வி: "அப்பறம் அந்த ஒரு கிலோ பொட்டாஷை என்னங்க பண்றது, ஊட்டுல வெச்சுக்கலாமா?" கவர் கிழியாமல், குழந்தை கைக்கு எட்டாமல், சமையல் சாமானோடு சேராமல் அலமாரி மேல்தட்டில் வையுங்கள். மாதம் ஒரு தடவை குழுக் கூட்டத்தன்று எடுத்து வைத்து எண்ணி, நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஈரம் கோத்துக் கட்டியாகிப் போனால் வேறு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, பழையதைத் தென்னை மரத்தடியில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள்.